வேட்பாளரின் இடதும் நடுவும்
1982ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை நகரின் புறத்தே அமைந்துள்ள பாலையூற்று, அரசியல் வரலாற்று நூல்களிலே இடம்பெற்ற ஊரன்று. லூர்து அன்னை திருத்தலத்தின் பெயராலேயே பிற மாவட்டத்தார் அதனை அறிவர். ஆயினும், கொழும்பிலே வகுக்கப்படும் கொள்கையொன்று சாதாரண குடும்பமொன்றின் அடுப்பங்கரை வரை எவ்வாறு வந்து சேருகின்றது என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு, துறைமுகத்தைச் சார்ந்த இத்தகைய ஊர்கள் கற்பிப்பன பல.

1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு ஈட்டிய இவ்வெற்றியை இடதுசாரிகள் ஏகாதிபத்தியத்தின் மீதான வெற்றியாகக் கொண்டாடினர். நாட்டின் இறைமையை நோக்குமிடத்து அது சரியான செயலே. ஆனால் அத்தளத்தின் பட்டறைகளிலும் களஞ்சியங்களிலும் வேலைசெய்து வந்த குடும்பங்களுக்கு அதே நிகழ்ச்சி தொழிலிழப்பாக வந்தது. இதற்கு மாறாக, 1977இன் பின்னர் இடதுசாரிகளின் கடுங்கண்டனத்துக்கு உள்ளான திறந்த பொருளாதாரக் கொள்கையின் கீழ், சிங்கப்பூர் நிறுவனமான பிறீமா சீனன்குடாவில் அமைத்த மாவாலை இம்மாவட்டத்தவர் பலருக்குத் தொழில் வழங்கியது. இடதெனப்பட்ட செயல் ஒன்று தொழிலைக் குறைத்ததும் வலதெனப்பட்ட செயல் ஒன்று தொழிலைத் தந்ததும் இத்துறைமுகத்தின் அனுபவம். இவ்வனுபவத்தை மனத்திற்கொண்டு, கட்சியொன்று தன் சனாதிபதி வேட்பாளரை எவ்வளவு இடதுசாரியாக, அல்லது எவ்வளவு நடுவழியினராகத் தெரிவுசெய்தல் வேண்டும் என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினா இலங்கையில் முதன்முதலாகக் கூர்மையடைந்தது 1982ஆம் ஆண்டிலாகும்.

தேர்தல் முறையும் அதன் நெருக்கடியும்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நிறைவேற்றதிகாரமுடைய சனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் முறையை ஏற்படுத்தியது. வெற்றிபெறுபவர் செல்லுபடியான வாக்குகளில் அரைப்பங்கிற்கு மேல் பெறல் வேண்டும். எவரும் அவ்வாறு பெறாவிடின், முதலிரு இடங்களைப் பெற்றோர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்படும். மூன்று விருப்புகளைக் குறிக்கும் இவ்வேற்பாடு, சிறு கட்சியினர் தத்தம் கொள்கையை விட்டுக்கொடாது போட்டியிடவும், இறுதியில் தமக்கு நெருங்கிய பெருங்கட்சியின் வேட்பாளரை ஆதரிக்கவும் வழிசெய்வது. பிரான்சிலே இரு வேறு நாட்களில் நிகழ்வது இங்கு ஒரே வாக்குச்சீட்டில் நிகழும் என எதிர்பார்க்கப்பட்டது. அங்கு 1981 ஏப்பிரல் 26ஆந் திகதி நடைபெற்ற முதற்சுற்றில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜோர்ஜ் மார்ஷே நூற்றுக்கு 15க்குச் சற்று அதிகமான வாக்குகளைத் தனியே பெற்றார். மே 10ஆந் திகதி நடைபெற்ற இரண்டாம் சுற்றில் அவ்வாக்குகளின் துணையோடு சோசலிஸ்டான மித்தரான் வென்றார். இடதுசாரிகள் முதலிற் பிரிந்து தம் பலத்தைக் காட்டிப் பின்னர் ஒன்றுசேர அங்கு இடமிருந்தது.

இலங்கையில் அத்தகைய வாய்ப்பு அவ்வளவு எளிதிற் கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ஜே. ஆர். ஜயவர்த்தன, அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தத்தை 1982 ஓகஸ்டில் நிறைவேற்றி, தமது பதவிக்காலம் முடிவதற்கு முன்னரே தேர்தலை நடத்தும் உரிமையைப் பெற்றார். ஒக்டோபர் 20ஆந் திகதி தேர்தல் நாளாக அமைந்தது. எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்களே.

யாரை நிறுத்துவது?

சிறீ லங்கா சுதந்திரக் கட்சி அவ்வேளையில் பலவீனமுற்றிருந்தது. 1970இல் லங்கா சமசமாஜக் கட்சியுடனும் கம்யூனிஸ்ட் கட்சியுடனும் கூட்டுச்சேர்ந்து, தெரிவுசெய்யப்படும் 151 ஆசனங்களில் 116ஐ அக்கூட்டணி வென்றது. 1975இல் சமசமாஜிகள் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1977இல் கம்யூனிஸ்ட் கட்சியும் விலகியது. அவ்வாண்டுத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 168 ஆசனங்களுள் எட்டினை மட்டுமே பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. 1980 ஒக்டோபரில் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டமையால் அவர் வேட்பாளராகும் தகுதியை இழந்தார். கட்சிக்குள்ளே இரு போக்குகள் வெளிப்பட்டன. 1977இன் தோல்விக்கு இடதுசாரிக் கொள்கைகளே காரணம் என்றும், பண்டாரநாயக்க வகுத்த நடுவழிக்கே கட்சி மீளவேண்டும் என்றும் ஒரு சாரார் கருதினர். விஜய குமாரதுங்க போன்ற மற்றொரு சாரார், திறந்த பொருளாதாரத்துக்குத் தெளிவான மாற்றை முன்வைக்காத கட்சி ஐக்கிய தேசியக் கட்சியின் நிழலாகிவிடும் என வாதிட்டனர்.

இச்சூழ்நிலையிலேயே ஹெக்டர் கொப்பேகடுவ வேட்பாளரானார். கண்டிப் பிரதேசத்தைச் சேர்ந்த சட்டத்தரணியான இவர், 1970 தொடக்கம் 1977 வரை விவசாய, காணி அமைச்சராக விளங்கியவர். சுதந்திரக் கட்சியின் அமைச்சர்களுள் இடதுசாரி முத்திரையை இவரைப்போல் அழுத்தமாகப் பெற்றவர் சிலரே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்தை 50 ஏக்கராகவும், வயல்நிலமாயின் 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனிகளுக்குரிய பெருந்தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இவ்விரண்டினாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் ஏக்கர் நிலம் அரசின் கைக்கு வந்தது. உள்ளூர் உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் அவர் காலத்திலேயே.

தேர்தற் களத்திலே அறுவர் நின்றனர். இவர்களுள் நால்வர் ஏதோ ஒரு வகையில் இடதுசாரிப் பெயருக்கு உரிமை கோரியவர்கள்: கொப்பேகடுவ, சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, நவ சமசமாஜக் கட்சியின் வாசுதேவ நாணயக்கார, மக்கள் விடுதலை முன்னணியின் ரோகண விஜேவீர. ஐந்தாமவர் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம்.

எண்கள் கூறுவன

ஜயவர்த்தன 34,50,811 வாக்குகளைப் (நூற்றுக்கு 52.91) பெற்று வென்றார். கொப்பேகடுவ 25,48,438 (39.07), விஜேவீர 2,73,428 (4.19), குமார் பொன்னம்பலம் 1,73,934 (2.67), கொல்வின் 58,531 (0.90), வாசுதேவ 17,005 (0.26) என்ற வகையில் ஏனையோர் பெற்றனர். 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் ஜயவர்த்தனவே முதலிடம் பெற்றார். யாழ்ப்பாணம் மட்டுமே விலக்கு.

இவ்வெண்களை இரு சாராரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டக்கூடும். நடுவழி வேண்டுமென்போர் பின்வருமாறு கணக்கிடலாம். விஜேவீர, கொல்வின், வாசுதேவ ஆகிய மூவரின் வாக்குகள் அனைத்தையும் கொப்பேகடுவவின் வாக்குகளோடு கூட்டினும் நூற்றுக்கு 44.42 மட்டுமே கிடைக்கும். ஆகவே இன்னும் இடப்புறம் நகர்ந்து அங்குள்ள வாக்குகளைத் திரட்டுவதால் வெற்றி கிட்டியிராது. அரைப்பங்கிற்கு மேல் ஜயவர்த்தன பெற்ற ஏறக்குறைய 1,90,000 வாக்குகளை அவரிடமிருந்து பிரித்திருந்தால் மட்டுமே இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணும் நிலையேனும் தோன்றியிருக்கும். அவ்வாக்காளர் நடுப்புறத்திலேயே இருந்தனர். மறுசாரார் கூறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1977இல் நூற்றுக்கு 30ஐயும் எட்டாத கட்சி, தலைவி களத்தில் இல்லாத நிலையிலும், இடதுசாரி எனப் பெயர்பெற்ற ஒருவரின் கீழ் 39க்கு உயர்ந்தது. தன்னடையாளத்தை மறைக்காத வேட்பாளராலேயே கட்சி மீண்டும் எழுந்தது என அவர்கள் கூறலாம்.

இவ்விரு வாதங்களும் நாடு முழுவதையும் ஒரே அளவுகோலில் வைத்து நோக்குகின்றன. மாவட்டந்தோறும், அதிலும் தமிழ் மக்கள் வாழும் பகுதிகள் தோறும் நோக்குமிடத்து அவ்வளவுகோலின் குறை புலப்படுகின்றது.

தமிழரின் மூன்று தீர்ப்புகள்

முதலாவது யாழ்ப்பாணம். தமிழர் விடுதலைக் கூட்டணி இத்தேர்தலிற் போட்டியிடவுமில்லை, எவரையும் ஆதரிக்கவுமில்லை. வாக்களித்தோர் அம்மாவட்டத்தில் அரைப்பங்கினரிலும் குறைவு. அவ்வாறு வாக்களித்தோருள் முதலிடத்தைக் குமார் பொன்னம்பலத்துக்கும், அவரை நெருங்கிய இரண்டாமிடத்தைக் கொப்பேகடுவவுக்கும் அளித்தனர். ஜயவர்த்தன மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். கொப்பேகடுவ அமைச்சராக இருந்த அரசே 1972இன் அரசியலமைப்பை இயற்றியது. பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைப் புகுத்தியது. 1974ஆம் ஆண்டு தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் பலியானதும் அவ்வரசின் காலத்திலேயே. அங்ஙனமாயின் இவ்வாக்குகள் எங்கிருந்து வந்தன? விடை குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் உள்ளது. இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் கிடைத்த விலை, தோட்டக்காரனின் கல்வீட்டுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மகளின் சீதனத்துக்கும் ஆதாரமாயிற்று. 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவ்விலை சரிந்தது. ஒரே வீட்டில், தரப்படுத்தலாற் பல்கலைக்கழக இடத்தை இழந்த மகனும், அதே அரசின் விவசாயக் கொள்கையால் வாழ்வு பெற்ற தந்தையும் இருக்கக்கூடிய காலம் அது. தந்தையின் நினைவே வாக்குப்பெட்டியிற் பேசியது எனலாம்.

இரண்டாவது மலையகம். காணிச் சீர்திருத்தம் அங்கு வேறு முகங் காட்டியது. தோட்டங்கள் அரசுடைமையானபோது நிலம் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கப்படவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தினால் மிகக் கொடிய துன்பத்தை அனுபவித்தவர்களும் அவர்களே. தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் வன்னிக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறினர். 1982இல் அவர்களுட் பலருக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. வாக்குரிமை பெற்றோரின் பெருந்தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், சௌ. தொண்டமானின் தலைமையில் ஜயவர்த்தனவை ஆதரித்தது. நாட்டின் மிகப்பெரிய தொழிலாளர் கூட்டமொன்று, இடதுசாரி முத்திரை பெற்ற வேட்பாளரை விட்டு விலகிநின்றது. கோட்பாட்டு நூலொன்றிலே இதற்கு விளக்கம் தேடின் கிடையாது. தோட்ட லயத்து அனுபவத்திலே தேடின் கிடைக்கும்.

மூன்றாவது திருகோணமலை. 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்டச் சிங்கள மக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்திலும் குறைவு. 1981இல் அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்கள் இம்மாற்றத்தின் பிரதான காரணிகள். நிலமற்றவனுக்கு நிலம் என்பது எங்கும் இடதுசாரிகளின் உயர்ந்த குரல். ஆனால் இம்மாவட்டத் தமிழரின் செவியில் அக்குரல் விழும்போது, எவ்வூர் நிலம், எந்த நிலமற்றவனுக்கு என்ற வினாவும் கூடவே எழுந்தது. இவ்விடயத்தில் ஐக்கிய தேசியக் கட்சி அரசுகளுக்கும் சுதந்திரக் கட்சி அரசுகளுக்கும் இடையே பெரும் வேற்றுமையை இம்மக்கள் கண்டிலர். ஆகவே கொப்பேகடுவ இடதா நடுவா என்பது பாலையூற்று போன்ற ஊரிலே முதல் வினாவாக அமைய இயலாது. தொழில் எங்கே, நிலம் யாருக்கு, அரசகருமம் எம்மொழியில் என்ற மூன்றும் அதற்கு முன்னே நின்றன.

கொல்வினின் பாடம்

இம்முடிவை மேலும் தெளிவாக்குவது கொல்வின் ஆர். டி சில்வாவின் வரலாறு. கோட்பாட்டளவில் கொப்பேகடுவவிலும் மிக இடப்புறம் நின்றவர் அவர். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இருமொழியாயின் ஒருநாடு, ஒருமொழியாயின் இருநாடு என்னும் கருத்தை நாடாளுமன்றத்தில் எச்சரிக்கையாக முன்வைத்தவர். அவ்வெச்சரிக்கையைத் தமிழர் இன்றும் மறக்கவில்லை. ஆயினும் சிங்களத்தை அரசகரும மொழியாகவும், பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் அரசியலமைப்பிலே பொறித்த 1972ஆம் ஆண்டு யாப்பினை வரைந்த அமைச்சரும் அவரே. பத்தாண்டுகளின் பின் சனாதிபதி வேட்பாளராக அவர் நின்றபோது நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஒன்றைக்கூட அவர் பெறவில்லை. இத்தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும், பொருளாதாரத்தில் எவ்வளவு இடதுசாரியாயினும், தேசிய இனப்பிரச்சினையிற் பெரும்பான்மைக் கருத்துக்குத் தலைவணங்கியவரைச் சிறுபான்மையினர் தம் இடதுசாரியாக ஏற்பரோ என்ற வினாவுக்கு அவரது வரலாறு விடையளிக்கின்றது.

இடதுசாரி என்னும் பெயரை எதிராளி எவ்வாறு பயன்படுத்துவான் என்பதையும் 1982 காட்டியது. தேர்தல் முடிந்ததும் சுதந்திரக் கட்சியின் ஒரு பிரிவினர் நக்சலைட் சதி புரிந்தனர் என ஜயவர்த்தன குற்றஞ்சாட்டினார். விஜய குமாரதுங்க கைதுசெய்யப்பட்டார். இதனைக் காரணங்காட்டி, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22ஆந் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, நாடாளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. வேட்பாளரை நடுப்புறம் நகர்த்தியிருந்தால் இப்பழி நேர்ந்திராது என எண்ணுதல் பேதைமை. பழி தேடுவோனுக்கு வேட்பாளரின் நிறம் ஒரு பொருட்டன்று.

பின்வந்த தேர்தல்கள்

1988 டிசம்பர் 19ஆந் திகதி ஐக்கிய தேசியக் கட்சி நிறுத்திய ரணசிங்க பிரேமதாச, ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபா வழங்கும் ஜனசவிய திட்டத்தை வாக்குறுதியாக்கினார். வலதுசாரிக் கட்சியே தன் வேட்பாளரை இடப்புறம் நகர்த்திய நிகழ்ச்சி இது. அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 50.43, அரைப்பங்கிற்கு மேல் அவர் பெற்றவை ஏறக்குறைய 22,000 வாக்குகளே. சிறிமாவோ 44.95ஐயும், ஐக்கிய சோசலிச முன்னணியின் ஒஸி அபேகுணசேகர 4.63ஐயும் பெற்றனர். அபேகுணசேகர நின்ற இடம் விஜய குமாரதுங்கவுக்கு உரியதாக இருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 16ஆந் திகதி விஜய சுட்டுக்கொல்லப்பட்டார். இலங்கை இந்திய ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் துணிந்து ஆதரித்தமைக்கு அம்முன்னணியினர் தம் உயிரையே விலையாகக் கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

1994 நவம்பர் 9ஆந் திகதி சந்திரிகா குமாரதுங்க 62.28 வீத வாக்குகளைப் பெற்றார். ஒரு காலத்திலே கட்சியின் இடதுசாரிகளுள் எண்ணப்பட்ட அவர், பொருளாதாரத்தில் நடுவுக்கு வந்து, திறந்த பொருளாதாரத்தை மனித முகத்தோடு நடத்துவதாகக் கூறினார். அதே வேளையிற் சமாதானப் பேச்சுவார்த்தையை முன்வைத்துத் தேசிய இனப்பிரச்சினையில் முந்திய வேட்பாளர் எவரும் செல்லாத தூரம் சென்றார். பின்னர் அவ்வெதிர்பார்ப்புப் போரில் முடிந்தது வேறு கதை. வேட்பாளரை அளப்பதற்கு ஓர் அச்சுப் போதாது, ஈரச்சுகள் வேண்டும் என்பதை அவ்வெற்றி நிறுவியது.

1982இல் விஜேவீரவுக்கு நூற்றுக்கு நான்கு கொடுத்த நாடு, 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி அவரது கட்சியின் பிற்காலத் தலைவரான அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31ஐக் கொடுத்தது. 2019இல் அவர் பெற்றது 3.16 மட்டுமே. இடையில் நிகழ்ந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு. வேட்பாளரும் நடுப்புறம் வந்திருந்தார். சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டை முறிப்பதாக அன்றி, அதன் நிபந்தனைகளை மீளப் பேசுவதாகவே கூறினார். 1978இல் எழுதிவைக்கப்பட்ட இரண்டாம் விருப்பு வாக்கெண்ணல் அன்றுதான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அத்தேர்தலிலும் திருகோணமலை மாவட்டம் நாட்டின் போக்கோடு செல்லாது, சஜித் பிரேமதாசவுக்கே முதலிடம் அளித்தது. இரண்டு மாதங்கள் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் இதே மாவட்டத்தின் நான்கு ஆசனங்களுள் இரண்டினைத் திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி வென்றது. மக்கள் ஒரு வேட்பாளரின் நிறத்தைக் கண்டு உடனே நம்புவதில்லை. நம்பிக்கைக்குக் காலம் கேட்கின்றனர்.

முடிவுரை

கட்சியொன்று தன் வேட்பாளரை எவ்வளவு இடப்புறத்தில் நிறுத்துதல் வேண்டும் என்ற வினாவுக்கு 1982ஆம் ஆண்டுத் தேர்தல் தரும் விடை இதுவாகும். தெற்கிலே, பாணுக்கு வரிசையில் நின்ற நினைவு கொப்பேகடுவவைத் தோற்கடித்தது. வடக்கிலே, வெங்காயத்துக்குக் கிடைத்த விலையின் நினைவு அவரை உயர்த்தியது. மலையகத்திலே, பட்டினியின் நினைவு அவரிடமிருந்து மக்களை விலக்கியது. மூன்று இடங்களிலும் அவர் அதே மனிதர். அவரது கொள்கையும் ஒன்றே. வாக்காளர் வேட்பாளரின் கோட்பாட்டை நிறுக்கவில்லை. அக்கோட்பாடு தம் வாசலுக்கு வந்தபோது எதைக் கொண்டுவந்தது என்பதையே நிறுத்தனர்.

ஆகவே நடுவுக்கு வருதல் ஒன்றே வெற்றிக்கு வழி என்போரும், இடப்புறம் உறுதியாக நிற்றல் ஒன்றே வழி என்போரும் தம் கணக்கிலே ஒரு பத்தியை விட்டுவிடுகின்றனர். இந்நாட்டில் அரைப்பங்கு வாக்குகளைத் தேடும் எந்த இடதுசாரியும், தன் சீர்திருத்தத்தால் நிலம் பெறுபவன் யார், இழப்பவன் யார், அது எம்மொழியில் அறிவிக்கப்படும் என்பவற்றுக்கு முன்கூட்டியே விடை சொல்லக் கடமைப்பட்டவன். இதனைச் சொல்லாத இடதுசாரியை விட, சொல்லும் நடுவழியினன் சிறுபான்மை மக்களுக்கு நெருங்கியவனாவான். அதனைச் சொல்லும் இடதுசாரியொருவர் தோன்றுவாராயின், அவரைப் பெரிதும் வரவேற்க வேண்டியவர்களும் இம்மக்களே. ஏனெனில் துறைமுகத் தொழிலாளியும் தோட்டக்காரனும் தோட்டத் தொழிலாளியும் இவர்களுள்ளேயே பெருந்தொகையினர்.

அடுத்த தேர்தலிலும் சுவரொட்டிகள் பாலையூற்றுக்கு வரும். அவற்றிலுள்ள முகம் இடதா நடுவா என்று கொழும்பின் பத்திரிகைகள் ஆராயும். இவ்வூரார் கேட்கும் கேள்வி அதனினும் பழையது: துறைமுகத்தில் வேலை உண்டா, எம் காணி எமக்கு உண்டா, கந்தோரில் எம் மொழி உண்டா? இம்மூன்றுக்கும் நேரிய விடை தரும் வேட்பாளரை நிறுத்தும் கட்சி, அவர் இடதா நடுவா என்று அஞ்ச வேண்டியதில்லை.